நடந்ததைச் சொல்லாத இறந்தகாலம்

1963 நவம்பர் 22 அன்று டல்லாஸ் நகரில் அமெரிக்க அதிபர் கென்னடி சுட்டுக் கொல்லப்பட்டார். சுட்டவர் லீ ஹார்வி ஆஸ்வால்ட் என்று மறு ஆண்டு வெளிவந்த வாரன் ஆணைய அறிக்கை முடிவு சொன்னது. 1970இல் எர்னஸ்ட் ஆடம்ஸ் என்ற தத்துவ அறிஞர் இந்தச் சாவை வைத்து இரண்டு ஆங்கில வாக்கியங்களை அருகருகே நிறுத்திக் காட்டினார். தமிழில் அவை ஏறத்தாழ இப்படி இருக்கும். முதலாவது: ஆஸ்வால்ட் கென்னடியைச் சுடவில்லை என்றால், வேறு யாரோ சுட்டிருக்கிறார்கள். இரண்டாவது: ஆஸ்வால்ட் கென்னடியைச் சுட்டிருக்காவிட்டால், வேறு யாராவது சுட்டிருப்பார்கள்.

முதல் வாக்கியத்தை யாராலும் மறுக்க முடியாது. கென்னடி சுடப்பட்டு இறந்தது உறுதி. இவர் இல்லையென்றால் இன்னொருவர். இரண்டாவது வாக்கியம் அப்படிப்பட்டதல்ல. ஆஸ்வால்ட் தவறவிட்டால் முடித்துவைக்க இன்னொருவர் துப்பாக்கியோடு காத்திருந்தார், பின்னால் ஒரு சதி இருந்தது என்று அது குற்றம் சாட்டுகிறது. ஒரே ஆள், ஒரே நாள், ஒரே சாவு. முதலாவதில் ‘டிட்ன்ட் ஷூட்’, இரண்டாவதில் ‘ஹேட்ன்ட் ஷாட்’. முதலாவது ‘டிட்’ என்று முடிகிறது, இரண்டாவது ‘வுட் ஹேவ்’ என்று முடிகிறது. ஒன்றை ஊரே ஒப்புக்கொள்ளவும் மற்றொன்றை ஊரே சந்தேகிக்கவும் இந்த வினை வடிவங்களே காரணம்.

காலம் காட்டுவதுதான் வினைமுற்றின் டென்ஸ் என்று பள்ளியில் படித்தோம். இரண்டு வாக்கியமும் பேசுவது அதே பிற்பகலைப் பற்றி. அப்படியென்றால் இங்கே டென்ஸ் மாறியதால் மாறியது காலம் அல்ல, வேறு ஏதோ ஒன்று. அது என்ன என்பதைப் புரிந்துகொள்ளாமல் ஆங்கில நிபந்தனை வாக்கியத்தை யாராலும் சரியாக எழுத முடியாது. நம் வகுப்பறைகளில் சொல்லித்தராமல் விடுவதும் அதைத்தான்.

நமக்குச் சொல்லித்தருவது ஓர் அட்டவணை. ‘இஃப்’ வரும் பாதியில், அதாவது இஃப் கிளாஸில், நிகழ்காலம் வந்தால் மறுபாதியில் ‘வில்’. இறந்தகாலம் வந்தால் ‘வுட்’. பாஸ்ட் பெர்ஃபெக்ட் வந்தால் ‘வுட் ஹேவ்’. முதல் வகை, இரண்டாம் வகை, மூன்றாம் வகை. கோடிட்ட இடத்தை நிரப்பி மதிப்பெண் வாங்க இது போதும். நானும் அப்படித்தான் வாங்கினேன். ஆனால் எந்த வகையை எப்போது எடுக்க வேண்டும் என்ற கேள்விக்கு அட்டவணையிடம் பதில் இல்லை. தேர்வில் ஒரு பாதியை வினாத்தாளே கொடுத்துவிடுகிறது; அதைப் பார்த்து மறுபாதியை எழுதிவிடலாம். வாழ்க்கையில் இரண்டு பாதியையும் நாமே எழுத வேண்டியிருக்கிறது. வேலைக்கு விண்ணப்பம் எழுதும் இளைஞன் அங்கேதான் தடுமாறுகிறான்.

அட்டவணையில் வேறு ஓட்டைகளும் உண்டு. ‘அவன் ஆறு மணிக்குக் கிளம்பினான் என்றால், இந்நேரம் வீட்டில் இருப்பான்’ என்பதை ஆங்கிலத்தில் சொல்லிப் பாருங்கள். ‘இஃப் ஹீ லெஃப்ட் அட் சிக்ஸ், ஹீ இஸ் ஹோம் பை நவ்.’ இறந்தகாலத்தோடு நிகழ்காலம். மூன்று வகையிலும் இது அடங்காது. ஆனால் பிழையற்ற, அன்றாடம் புழங்கும் ஆங்கிலம். ஆடம்ஸின் முதல் வாக்கியமும் இந்த இனம்தான். இங்கே வரும் ‘லெஃப்ட்’ உண்மையாகவே கடந்த காலத்தைக் குறிக்கிறது: கிளம்பினானா இல்லையா என்று எனக்குத் தெரியாது, கிளம்பியிருந்தால் அது நடந்து முடிந்த செயல்.

இப்போது இதைப் பாருங்கள்: ‘இஃப் ஹீ லெஃப்ட் டுமாரோ, ஹீ வுட் மிஸ் த வெட்டிங்.’ அதே ‘லெஃப்ட்’, பக்கத்திலேயே ‘நாளை’. நாளைக்கு ஏது இறந்தகாலம்? இந்த ‘லெஃப்ட்’ சொல்வது, பேசுகிறவர் அந்தச் செயலை எவ்வளவு தூரத்தில் வைத்துப் பார்க்கிறார் என்பதை. கிளம்புவான் என்று அவர் எதிர்பார்க்கவில்லை. ஒரு பேச்சுக்குச் சொல்கிறார். நேற்று என்பது இன்றிலிருந்து விலகி நிற்பது. நடக்காதது நடப்பிலிருந்து விலகி நிற்பது. இரண்டு விலகலுக்கும் ஆங்கிலம் ஒரே வடிவத்தைப் பயன்படுத்துகிறது.

இலக்கண அறிஞர்கள் இதை நெடுங்காலமாகக் கவனித்து வந்திருக்கிறார்கள். டென்மார்க்கைச் சேர்ந்த ஓட்டோ யெஸ்பர்சன் 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே இறந்தகால வடிவத்தின் இந்தக் கற்பனைப் பயன்பாட்டைத் தனியாகப் பிரித்துப் பேசினார். 2002இல் ஹடில்ஸ்டனும் புல்லமும் எழுதிய பெரிய கேம்பிரிட்ஜ் இலக்கணம், நிபந்தனைகளை வகை எண் போட்டுப் பிரிக்காமல் இரண்டாகவே பார்க்கிறது: திறந்த நிபந்தனை, தொலைவான நிபந்தனை. நடக்கலாம், நடக்காமலும் போகலாம் என்று கதவைத் திறந்துவைத்துப் பேசுவது முதலாவது. கற்பனைக்குள் தள்ளிவைத்துப் பேசுவது இரண்டாவது. என் கணிப்பில், பள்ளி அட்டவணையைவிட இந்தப் பிரிப்பு எளிமையானது, உண்மைக்கும் நெருக்கமானது.

இது ஆங்கிலத்தின் தனிக் கிறுக்கும் அல்ல. பிரெஞ்சு மொழியும் ‘பணம் இருந்தால்’ என்ற கற்பனையை இறந்தகால வடிவத்தில்தான் சொல்கிறது. 2000இல் சபீன் இயாட்ரிடூ என்ற மொழியியலாளர் நவீன கிரேக்கத்தையும் ஆங்கிலத்தையும் வேறு சில மொழிகளையும் சேர்த்து ஆராய்ந்து, கற்பனை நிபந்தனையில் இறந்தகால வடிவம் வருவது தற்செயல் அல்ல என்று வாதிட்டார். அவர் விளக்கம் சுருக்கமாக இதுதான்: அந்த வடிவத்தின் அடிப்படைப் பொருள் விலக்கிவைப்பது. இந்த நேரத்தை விலக்கினால் கடந்த காலம். இந்த உலகத்தை விலக்கினால் கற்பனை.

ஆங்கிலத்தில் ஒரு காலத்தில் கற்பனைக்கென்று தனி வடிவமே இருந்தது. ஆயிரம் ஆண்டுகளுக்கு முந்தைய பழைய ஆங்கிலத்தில், நடந்ததைச் சொல்ல ஒரு விகுதி, நடக்காததை நினைக்க வேறொரு விகுதி. நடுக்காலத்தில் சொல்லின் கடைசி உயிரொலிகள் மங்கித் தேய்ந்தபோது இரண்டும் ஒன்றாகிவிட்டன. தப்பியது ஒன்றே ஒன்று: ‘இஃப் ஐ வேர்’ என்பதில் வரும் ‘வேர்’. ‘ஐ வாஸ்’ என்றுதானே வர வேண்டும், எப்படி ‘வேர்’ என்று குழம்பாத மாணவன் இல்லை. பன்மைச் சொல் ஒருமைக்கு வந்துவிட்டது என்று எண்ண வேண்டாம். அது பழைய கற்பனை வடிவத்தின் எச்சம். இன்றைய ஜெர்மன் மொழியில் அதன் உறவுச் சொல் இன்னும் உயிரோடு இருக்கிறது. பேச்சில் ‘இஃப் ஐ வாஸ்’ என்று ஆங்கிலேயர்களே தாராளமாகச் சொல்கிறார்கள். அதைக் குற்றமாகக் கருத வேண்டியதில்லை. எழுத்தில் ‘வேர்’ போடுங்கள். ‘நான் உங்கள் இடத்தில் இருந்தால்’ என்று அறிவுரை சொல்லத் தொடங்கும்போது பேச்சிலும் ‘வேர்’ போடுங்கள்.

இனித் தமிழுக்கு வருகிறேன். நாம் இந்த இடத்தில் ஏன் தவறுகிறோம் என்பதற்கு விடை நம் மொழிக்குள்தான் இருக்கிறது. விடை மட்டும் அல்ல, உதவியும் அங்கேயே இருக்கிறது.

‘வந்தால்’ என்ற சொல்லைப் பிரித்துப் பாருங்கள். வந்த், ஆல். ‘செய்தால்’, ‘போனால்’, ‘சொன்னால்’, ‘நடந்தால்’ எல்லாவற்றிலும் ‘ஆல்’ ஒட்டிக்கொண்டிருப்பது இறந்தகால அடியோடு. ‘நாளைக்கு மழை பெய்தால்’ என்று சொல்லும் ஒவ்வொரு தமிழரும் நாளைய மழைக்கு இறந்தகால அடியைப் போடுகிறார். பழந்தமிழில் ‘வரின்’, ‘செயின்’ என்று காலம் காட்டாத அடியோடு நிபந்தனை அமைந்தது. தொல்காப்பியம் வினையெச்ச வாய்பாடுகளில் ‘செயின்’ என்பதையும் ஒன்றாக வைக்கிறது. பிற்காலத் தமிழில் ‘ஆல்’ வடிவம் நிலைபெற்றது. அந்த இறந்தகால அடி இன்று காட்டுவது வரிசையை: முதலில் இது முடிய வேண்டும், பிறகுதான் அது. மழை பெய்து முடிந்த பிறகே ஏரி நிறையும்.

ஆக, ‘நாளை’ என்பதோடு ‘லெஃப்ட்’ வருவதைப் பார்த்து நாம் திகைக்க வேண்டிய அவசியமே இல்லை. நடக்காத ஒன்றுக்கு நடந்ததற்கான வடிவத்தைப் போடும் பழக்கம் நம் நாக்கிலேயே இருக்கிறது. சிக்கல் வேறிடத்தில். தமிழின் ‘வந்தால்’ திறந்த நிபந்தனைக்கும் பொது, தொலைவான நிபந்தனைக்கும் பொது. ‘பணம் இருந்தால் தருவேன்’ என்று ஒருவர் சொன்னால், பையைப் பார்த்துவிட்டுத் தருவாரா, இல்லாத குறையைச் சொல்கிறாரா? வினையை மட்டும் வைத்துச் சொல்ல முடியாது. ஆங்கிலம் இந்த இடத்தில் முடிவெடுக்கச் சொல்கிறது: இருக்கலாம் என்றால் ‘ஹேவ்’, ‘வில்’, இல்லை என்றால் ‘ஹேட்’, ‘வுட்’. தமிழ் கேட்காத கேள்வியை ஆங்கிலம் கேட்பதால் நாம் பாதி அங்கும் பாதி இங்குமாகக் கால் வைக்கிறோம். ‘இஃப் ஐ ஹேட் மனி, ஐ வில் கிவ்’ என்ற பிழை பிறப்பது இப்படித்தான்.

தமிழில் இந்த வேறுபாடே இல்லை என்று இதற்குப் பொருள் அல்ல. நாம் அதை வேறு வழியில் காட்டுகிறோம். ‘பணம் இருந்தால் தரமாட்டேனா?’ என்று கேள்வியாக்கிவிட்டால் இல்லை என்பது தெளிவு. ‘அப்பா மட்டும் இருந்திருந்தால்’ என்பதில் அந்த ‘மட்டும்’ ஏக்கத்தோடு கற்பனையையும் சுமக்கிறது. ‘தந்திருப்பேன்’ என்று முடித்தாலும் போதும்.

இதில் ஓர் எச்சரிக்கைக் கதை உண்டு. 1981இல் ஆல்ஃபிரட் புளூம் என்பவர், சீன மொழியில் கற்பனை நிபந்தனைக்குத் தனி வினை வடிவம் இல்லாததால் சீனர்களுக்கு அப்படிச் சிந்திப்பதே கடினமாக இருக்கிறது என்று சோதனைகளோடு ஒரு நூல் எழுதினார். இரண்டு ஆண்டுகளில் டெர்ரி ஆவ் என்ற ஆய்வாளர், இயல்பான சீன நடையில் எழுதிய கதைகளைக் கொடுத்து மறுபடி சோதித்தார். அந்தக் கடினம் பெரும்பாலும் மறைந்துபோனது. குறை இருந்தது சீனர்களின் சிந்தனையில் அல்ல, அவர்களுக்குக் கொடுத்த மொழிபெயர்ப்பு நடையில். தமிழ்வழி படித்த பிள்ளை இஃப் கிளாஸில் தவறும்போது ‘இதுகூடப் புரியவில்லையா’ என்று கேட்கும் ஆசிரியர்கள் இதை நினைவில் வைக்க வேண்டும். பிள்ளைக்குப் புரியாமல் இல்லை. அவன் மொழி அதை வேறிடத்தில் குறிக்கிறது, அவ்வளவுதான்.

தமிழ் நமக்குத் தரும் இன்னொரு பெரிய உதவி ‘என்றால்’. நிபந்தனை சொல்ல ‘ஆல்’ தவிர நமக்கு இந்த வழியும் உண்டு. இது முழுமையான வினைமுற்றுக்குப் பின்னால் வருகிறது. ‘கிளம்பினான் என்றால்’, ‘கிளம்புகிறான் என்றால்’, ‘கிளம்புவான் என்றால்’ என்று மூன்று காலமும் அப்படியே நிற்கும். ஆங்கிலத்திலும் இந்த இடங்களில் டென்ஸ் உண்மையான காலத்தையே காட்டும். மேலே சொன்ன ‘இஃப் ஹீ லெஃப்ட் அட் சிக்ஸ்’ அந்த வகை. ஆடம்ஸின் முதல் வாக்கியத்தைத் தமிழாக்கும்போது என் கை தானாக ‘சுடவில்லை என்றால்’ என்று எழுதியது. இரண்டாவதற்கு ‘சுட்டிருக்காவிட்டால்’ என்று எழுதியது. காலம் காட்டும் இடத்தில் ‘என்றால்’, தூரம் காட்டும் இடத்தில் ‘ஆல்’.

இதை வைத்து ‘வில்’ பற்றிய பழைய குழப்பத்தையும் தீர்க்கலாம். இஃப் கிளாஸில் ‘வில்’ வரவே கூடாது என்று அடித்துச் சொல்வார்கள். பெரும்பாலும் சரி, முழுக்கச் சரி அல்ல. ‘மழை பெய்தால் வீட்டிலேயே இருப்போம்’ என்பதில் மழை முதலில், வீட்டில் இருப்பது பிறகு. ஆங்கிலத்தில் ‘இஃப் இட் ரெயின்ஸ்’, ‘வில்’ கிடையாது. ஆனால் ‘இது உங்களுக்கு ஆறுதலாக இருக்கும் என்றால் நானே போய்க் கேட்கிறேன்’ என்பதில் வரிசை தலைகீழ்: நான் போய்க் கேட்ட பிறகுதான் ஆறுதல். இங்கே ஆங்கிலம் ‘இஃப் இட் வில் மேக் யூ ஃபீல் பெட்டர்’ என்று ‘வில்’ போட அனுமதிக்கிறது. தமிழும் ‘இருந்தால்’ என்பதைவிட ‘இருக்கும் என்றால்’ என்பதையே இங்கே விரும்புகிறது. நீங்கள் மனத்தில் ‘பெய்தால்’ என்று நினைத்தால் ‘வில்’ வேண்டாம். ‘பெய்யும் என்றால்’ என்று நினைத்தால் ‘வில்’ வரலாம். இந்தச் சோதனையைப் பல வாக்கியங்களில் போட்டுப் பார்த்தேன். உடன்பாட்டு வாக்கியங்களில் நன்றாகவே வேலை செய்கிறது. எதிர்மறையில் கவனம் வேண்டும். பேச்சில் ‘வரலைன்னா’ என்ற ஒரே வடிவம் ‘வராவிட்டால்’ என்பதற்கும் ‘வரவில்லை என்றால்’ என்பதற்கும் நிற்கிறது. அங்கே எழுத்துத் தமிழுக்கு மாற்றிப் பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும்.

வினை வடிவம் ஒரு காலத்தைக் காட்ட, பொருள் வேறொரு காலத்தில் நிற்பதை நம் இலக்கணிகள் அறியாதவர்கள் அல்ல. அதற்குக் கால வழுவமைதி என்று பெயரிட்டு இடம் கொடுத்தார்கள். விரைவு, மிகுதி, தெளிவு, இயல்பு ஆகிய காரணங்களால் காலம் மயங்கலாம் என்கிறது நன்னூல். சாப்பிட்டுக்கொண்டே ‘இதோ வந்துவிட்டேன்’ என்று குரல் கொடுப்பது விரைவு. தெளிவுக்கு உரைகளில் வரும் பழைய எடுத்துக்காட்டு ஒன்று இந்தக் கட்டுரைக்கென்றே எழுதியது போல் ஒரு நிபந்தனை வாக்கியம்: எறும்புகள் முட்டையைத் தூக்கிக்கொண்டு மேட்டில் ஏறினால் மழை ‘பெய்தது’ என்றே சொல்லிவிடலாம். இனிமேல் பெய்யப்போகும் மழைதான். ஐயமில்லாததால் பெய்ததாகவே சொல்கிறோம்.

இங்கேதான் இரண்டு மொழிகளும் எதிரெதிர்த் திசையில் போகின்றன. தமிழில் வராத மழைக்கு ‘பெய்தது’ என்றால் அது உறுதியின் உச்சம். ஆங்கிலத்தில் நாளைய மழைக்கு ‘ரெயின்ட்’ என்றால் அது நம்பிக்கைக் குறைவு. ஒரே இறந்தகாலம் இங்கே பொருளைக் கைக்கு அருகில் கொண்டுவருகிறது, அங்கே எட்டத்துக்குத் தள்ளுகிறது. தமிழ் மனம் ஆங்கிலத்தின் இரண்டாம் வகையை ஏற்கத் தயங்குவதற்கு இதுவும் ஒரு காரணம் என்று நினைக்கிறேன்.

தள்ளிவைப்பது என்றால் பொய் என்று சொல்வதும் அல்ல. கைடுகளில் ‘மூன்றாம் வகை என்றால் நடக்காதது’ என்று அச்சிட்டிருப்பார்கள். 1951இல் ஆலன் ஆண்டர்சன் என்ற தர்க்கவியலாளர் இதற்கு ஒரு மறுப்பு எடுத்துக்காட்டைத் தந்தார். ஒரு நோயாளி ஆர்சனிக் நஞ்சு உட்கொண்டாரா என்று தெரியவில்லை. உட்கொண்டிருந்தால் இதே அறிகுறிகள்தான் தெரிந்திருக்கும் என்று பேசுகிறவர் சொல்கிறார். ஆங்கிலத்தில் ‘ஹேட் டேக்கன்’, ‘வுட் ஹேவ்’. அவர் நஞ்சு இல்லை என்று சொல்லவில்லை, நஞ்சுதான் என்று வாதிடுகிறார்! தொலைவில் நிறுத்திப் பார்ப்பது ஆராய்வதற்கும் உதவுகிறது. பணிவுக்கும் அதே தூரம்தான். ‘கேன் யூ’ என்பதைவிட ‘குட் யூ’ மரியாதையாக ஒலிப்பது, கேட்பவர் ஒரு அடி பின்னால் நின்று கேட்பதால். வாசலில் நின்றுகொண்டே ‘ஒரு உதவி கேட்கலாம் என்று வந்தேன்’ என்று நாமும் சொல்கிறோமே, அதே குரல்.

எந்த வடிவம் என்ற தேர்வு பேசுகிறவருடையது என்பதற்குக் கிப்ளிங்கின் ‘இஃப்’ கவிதையைவிட நல்ல சான்று எனக்குத் தெரியவில்லை. 1910இல் நூலில் வந்த அந்தக் கவிதை 32 அடிகளும் ஒரே வாக்கியம். நிபந்தனைக்கு மேல் நிபந்தனை. மகனுக்குத் தந்தை அடுக்கும் அந்த நிபந்தனைகள் மனிதனால் நிறைவேற்றக் கூடியவைதானா என்றே ஐயம் வரும். இருந்தும் கவிஞர் ‘குட்’ என்று எழுதவில்லை, ‘கேன்’ என்றே எழுதினார். முடிவிலும் ‘வுட்’ இல்லை, ‘வில்’. இலக்கணப்படி இரண்டும் சரி. ‘குட்’ போட்டிருந்தால் அது ஒரு பெருமூச்சு. ‘கேன்’ போட்டதால் மகனால் முடியும் என்று தந்தை நம்புகிறார்.

விண்ணப்பம் எழுதும் இளைஞனுக்கும் இதுவே விடை. ‘வாய்ப்புக் கொடுத்தால் உழைப்பேன்’ என்பதை ‘கிவ்’, ‘வில்’ என்று எழுதினால் தன்னம்பிக்கை. ‘கேவ்’, ‘வுட்’ என்று எழுதினால் தயக்கம் கலந்த பணிவு. இரண்டில் எதையும் எடுக்கலாம், கலக்கக் கூடாது. ஒரு வாக்கியத்தின் இரண்டு பாதியும் ஒரே தூரத்தில் நிற்க வேண்டும். காலம் வேறாக இருக்கலாம்: ‘அன்று மருத்துவம் படித்திருந்தால் இன்று டாக்டராக இருப்பேன்’ என்பது ஆங்கிலத்தில் ‘ஹேட் ஸ்டடீட்’, ‘வுட் பி நவ்’. ஒரு பாதி அன்று, மறு பாதி இன்று, இரண்டும் கற்பனைக்குள். அட்டவணையில் இதற்கும் தனி வரி கிடையாது.

ஆங்கிலம் கற்பிக்கும் ஆசிரியர்களிடம் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். அட்டவணையைக் கரும்பலகையில் எழுதுவதற்கு முன், பிள்ளைகளைத் தமிழில் ஒரு வாக்கியம் சொல்லச் சொல்லுங்கள். ‘இது நடக்கும் என்று நினைக்கிறாயா, சும்மா நினைத்துப் பார்க்கிறாயா?’ என்று கேளுங்கள். பதிலைக் கேட்ட பிறகு ஆங்கில வினையைத் தேடச் சொல்லுங்கள்.